பழைய தோட்டத்தைத் திறக்கப் போகிறவர்களுக்கு

மதிப்புக்குரிய நகராட்சி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

நகரத்தின் நடுவில், உயர்ந்த மதிலுக்குள் பல தலைமுறைகளாகப் பூட்டிக் கிடந்த ஒரு சின்னத் தோட்டம் உங்கள் பொறுப்புக்கு வந்து, அதைப் பொதுப் பூங்காவாகத் திறக்க முடிவெடுத்திருந்தால், முதலில் மனமார்ந்த நன்றி. விற்றிருக்கலாம், வாகன நிறுத்துமிடம் ஆக்கியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு குடும்பமும் அவர்களுடைய விருந்தாளிகளும் மட்டும் அனுபவித்த நிழலில் இனி யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது பெரிய விஷயம்.

நான் கேட்பது ஒன்றுதான். தாராளமாகத் திறங்கள். ஆனால் திறக்கிறோம் என்று சொல்லி அதைப் புதுசாக்கிவிடாதீர்கள்.

இந்த மாதிரி வேலைகளுக்கான ஒப்பந்தப்புள்ளியை எடுத்துப் பார்த்தால் பேவர் பிளாக், அலங்கார விளக்கு, நீரூற்று, உடற்பயிற்சிக் கருவி எல்லாம் இருக்கும். தோட்டக்காரர் இருக்க மாட்டார். சதுர மீட்டர் கணக்கில் அளந்து பில் போட முடிகிற வேலைக்குப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது. கவாத்து செய்வதற்கும், அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிச் சீராக்குவதற்கும், சருகை மட்க வைப்பதற்கும் வருஷா வருஷம் சம்பளம் கொடுக்கத்தான் பணம் ஒதுக்குவதில்லை.

அதனால் என்ன ஆகிறது என்பதைப் பெரிய மரங்களின் அடியில் பார்க்கலாம். ஒரு மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது, ஏறக்குறைய முதல் 60 சென்டிமீட்டருக்குள். பக்கவாட்டிலோ கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கும். நடைபாதை போட வருகிறவர்கள் சரியாக அந்த மண்ணைத்தான் வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி, இயந்திரத்தால் இடித்து இறுக்குகிறார்கள். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அறுந்துபோகின்றன. மிச்ச மண்ணிலும் இடுக்குகள் நசுங்கி, காற்றும் மழைநீரும் உள்ளே இறங்குவதில்லை. அப்புறம் தூரை ஒட்டி வட்டமாக ஒரு சிமெண்ட் மேடை கட்டி, உள்ளே மண் நிரப்புவார்கள். மண் மூடிய இடத்தில் பட்டை ஈரத்திலேயே இருந்து அழுகத் தொடங்கும்.

மரம் உடனே விழாது என்பதுதான் இதில் வேதனை. திறப்பு விழா அன்று பச்சைப் பசேலென்று நிற்கும். உச்சிக் கிளைகள் காய்வதற்கே சில வருஷம் ஆகும். பிறகு ஒரு காற்றில் சாய்ந்ததும், வயதான மரம் என்று கோப்பில் எழுதி முடித்துவிடுவார்கள். நூறு வருஷ மரத்துக்கு நாற்று நட்டு ஈடுகட்ட முடியாது.

பழைய தோட்டங்களுக்கென்றே உலக அளவில் ஒரு நெறிமுறை உண்டு. 1981இல் ஃப்ளோரன்ஸ் நகரில் எழுதப்பட்டு, 1982இல் நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இகோமாஸ் ஏற்றுக்கொண்ட ஃப்ளோரன்ஸ் சாசனம் அது. வரலாற்றுத் தோட்டத்தை உயிருள்ள நினைவுச்சின்னம் என்கிறது. முழுதாக ஆராயாமல் சீரமைப்பில் இறங்கக் கூடாது, பயிற்சி பெற்றவர்களின் இடைவிடாத பராமரிப்பு வேண்டும் என்கிறது. எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதைத் தோட்டத்தின் அளவையும் அது எவ்வளவு தாங்கும் என்பதையும் வைத்து முடிவு செய்யச் சொல்கிறது. ஓடியாடும் விளையாட்டுக்குத் தோட்டத்தை ஒட்டித் தனி இடம் ஒதுக்கவும் சொல்கிறது.

லண்டனில் செல்சி மூலிகைத் தோட்டம் இருக்கிறது. மருந்து தயாரிப்பவர்களின் சங்கம் 1673இல் தங்கள் மாணவர்களுக்காக உண்டாக்கியது. மொத்தமே சுமார் 4 ஏக்கர். 1983இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்றும் அது செடிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் தோட்டமாகவே இருக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. அது மட்டும் நமக்கு வேண்டாம். இத்தனை காலம் மதிலுக்கு வெளியே நின்றவர்களிடம் கதவைத் திறந்துவிட்டுக் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, மக்கள் நடக்க வழி வேண்டாமா என்பீர்கள். வேண்டும். பழைய பாதை எங்கே போகிறதோ அங்கேயே போகட்டும். வேர் அதிகமாக உள்ள இடத்தில், குழி தோண்டாமல் சின்னக் கால்களில் நிற்கும் பலகைப் பாதை போதும், சக்கர நாற்காலியும் அதில் போகும். மரத்தடியில் நான்கு விரல் கனத்துக்கு மிகாமல், தூரை ஒட்டாமல், சருகு பரப்பினால் மிதிபடும் மண் ஓரளவு தப்பிக்கும். இருட்டியதும் மூடிவிட்டால் மரத்துக்கு மரம் விளக்கு கட்டும் செலவும் மிச்சம், இரவில் நடமாடும் பூச்சிகளும் பறவைகளும் நிம்மதியாக இருக்கும்.

அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த தோட்டக்காரர் ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவரை அனுப்பிவிடாதீர்கள். எந்த வாய்க்கால் எங்கே அடைத்துக்கொள்ளும், எந்தக் கிளை மழைக்கு முன் கவாத்து கேட்கும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

ஆகவே, திறப்பு விழாத் தேதியை அறிவிக்கும் முன்பு இரண்டு காகிதங்களை மக்கள் பார்வைக்கு வையுங்கள். ஒன்று, ஒவ்வொரு மரமும், பழைய கிணறும், வாய்க்காலும், செங்கல் வரப்பும் குறிக்கப்பட்ட தோட்டத்தின் வரைபடம். இன்னொன்று, நிரந்தரத் தோட்டக்காரர் பணியிடத்துக்கான உத்தரவு. ஒப்பந்தப்புள்ளியை அதற்குப் பிறகு கோருங்கள்.

நம்பிக்கையுடன்,
பூங்காவுக்கு வரக் காத்திருக்கும் ஒரு நகரவாசி