மலைக்கு ஒரு பாஸ்

கொக்குவில்
மார்கழி 12

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. மூக்கு உன்னுடையது இல்லை என்று இவள் சொல்கிறாள். அந்தளவில் பிள்ளை தப்பியது.

நேபாளம் போன கதையை விபரமாக எழுது என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாய். முழங்கால் நோ ஆறி, மேசையில் ஒழுங்காக இருந்து எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்துக்காரர் நாங்கள். கீரிமலை என்று பெயரைக் கேட்டுப் போனால் கடற்கரையில் ஒரு கேணி இருக்கும். அதனால் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். காலையில் பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றில் சைக்கிள். பின்னேரம் தங்கச்சி வீட்டு மூன்று மாடிப் படியில், முதுகில் பத்துக் கிலோ அரிசியோடு ஏறி இறங்குவேன். "மாஸ்டருக்கு என்ன, சுகமில்லையோ?" என்று அயலட்டையில் விசாரித்தார்களாம். சித்திரையில் சிவனொளிபாதமலைக்கும் ஏறினேன். 2,243 மீற்றர். இறங்கி வரும்போது பெரிய வீரன் என்ற நினைப்பு. நாங்கள் கடக்கப்போகும் லார்க்யா கணவாய் 5,106 மீற்றர் என்பது ஏனோ அப்போது மனதில் வரவில்லை.

சரி, நீ கேட்ட பெர்மிட் விஷயம். மனாஸ்லு மலையைச் சுற்றும் பாதை திபெத் எல்லைப்பக்கமாகப் போகிறது. அதனால் ஜகத் என்ற ஊரில் தொடங்கித் தாராபானி வரை தடுக்கப்பட்ட பிரதேசம். குடிவரவுத் திணைக்களத்தின் தனிப் பெர்மிட் இல்லாமல் வெளிநாட்டுக்காரர் உள்ளே போக ஏலாது. செப்டம்பர் தொடக்கம் நவம்பர் வரை முதல் ஏழு நாளுக்கு 100 டொலர், அதற்குமேல் நாளுக்கு 15. மற்ற மாதங்களில் 75, பிறகு நாளுக்கு 10. இது நாங்கள் ஒக்டோபரில் போனபோது இருந்த கணக்கு, நீ வருமுன் புதிதாகக் கேட்டுக்கொள். நீயே போய் எடுக்கவும் முடியாது. பதிவு பெற்ற முகவர் வேண்டும், வழிகாட்டி வேண்டும், குறைந்தது இரண்டு பேராவது போக வேண்டும் என்பது அப்போதைய விதி. தனி ஆளுக்கு இல்லை என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக் காலத்தில் வன்னி தாண்டப் பாஸ் எடுக்க, பிணைக்கு ஆள் தேடி நாங்கள் அலைந்த அலைச்சல் உனக்கு மறந்திருக்காது. இந்த முறை பிணைக்கு வந்தவன் கொழும்பில் இருக்கும் என் மருமகன். அக்காவின் கடைசி.

இதைவிட மனாஸ்லு, அன்னபூர்ணா என்று இரண்டு பாதுகாப்புப் பிரதேசங்களுக்கும் தனித்தனிச் சீட்டு. பகிடி இங்கேதான். வெளிநாட்டவருக்கு ஒவ்வொன்றும் 3,000 நேபாள ரூபா, எங்களைப் போல சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000. விசாவும் எங்களுக்கு வருடத்தில் முதல் தடவை 30 நாள் இலவசம். உன் கனடாப் பாஸ்போட்டை என் பாஸ்போட் முந்திய ஒரேயொரு இடம் இதுதான், ஆறுதலாக அனுபவிக்க விடு.

காத்மண்டுவில் இருந்து மச்சா கோலா வரை ஜீப். அந்தப் பாதையைப் பற்றி எழுதினால் மறுபடி இடுப்பு நோகும், விடு. அடுத்த நாள் புத்தி கண்டகி ஆற்றை ஒட்டி நடந்து ஜகத் சேர்ந்தோம். கல் பாவிய சிறு தெரு, அதில் சோதனைச் சாவடி. ஒரு மேசை, ஒரு பெரிய கொப்பி, ஒரு பொலிஸ்காரர். அவர் எங்கள் கடுதாசியை எடுத்துப் பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக விரலை வைத்து ஒப்பிட்டுக்கொண்டு போனார். கடைசிக்கு முதல் இலக்கத்தில் விரல் நின்றுவிட்டது. பாஸ்போட்டில் 1. பெர்மிட்டில் 7. விண்ணப்பத்தில் நான் கையால் எழுதியதை முகவர் அலுவலகத்தில் அப்படித் தட்டியிருக்கிறார்கள். பாதிப் பிழை என் எழுத்து, பாதி அவர்களுடைய கண்.

அந்த விரல் நின்ற கணத்தில் என் கை தானாகச் சேட்டுப் பொக்கற்றுக்குப் போனது, மச்சான். அடையாள அட்டை எடுக்க. அது கொக்குவிலில் அலுமாரிக்குள் கிடக்கிறது, நான் நிற்பதோ இமயமலையில். நாக்கு வறண்டு, வாயில் சிங்களம்தான் வந்தது. மருமகனோ வாங்கில் சாய்ந்திருந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதையைப் பூட்டியபோது அவனுக்கு ஐந்து வயது, அதுவும் கொழும்பில். கப்பலுக்குக் கிளியரன்ஸ் கிடைக்காமல் நான் எத்தனை நாள் வரிசையில் நின்றேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "மாமா, ஏன் வேர்க்குது?" என்று கேட்டான். வெயில் என்றேன்.

வழிகாட்டிப் பொடியன் முகவருக்குப் போன் போட்டான், முகவர் வேறு யாருக்கோ போட்டார். இரண்டரை மணித்தியாலம். அதற்கிடையில் அந்தப் பொலிஸ்காரர் எனக்கு ஒரு கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். கடைசியில் இலக்கத்தை வெட்டி எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, "நல்லபடி போய் வாருங்கள்" என்றார். கதிரை தந்த சாவடியை என் ஆயுளில் அன்றுதான் கண்டேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பொடியனைக் கேட்டேன். எல்லை, என்றான். மேற்கே முஸ்டாங்கில் சீனாவை எதிர்த்த கம்பா என்ற திபெத்தியப் போராளிகள் 1974 வரை முகாம் வைத்திருந்தார்கள், அந்த இடத்தை வெளிநாட்டவருக்குத் திறந்தது 1992இல்தான் என்று கதை சொன்னான். அவன் விளங்கப்படுத்திய விதத்தைப் பார்த்தால், எங்களுக்கு இதெல்லாம் புதுசு என்று நினைத்திருக்கிறான் போல.

ஆனால் எனக்குப் பிடித்த கதை சமாகாவில் கேட்டது. 3,530 மீற்றரில் இருக்கும் ஊர், மனாஸ்லுவின் காலடி. உயரம் பழக அங்கே ஒரு நாள் மேலதிகமாகத் தங்கினோம். நீயும் அதை மிச்சம் பிடிக்காதே. 1953இல் ஒரு ஜப்பானியக் குழு ஏறப் பார்த்து முடியாமல் போயிருக்கிறது. பிறகு பனிச்சரிவு வந்து மலையடி மடத்தை அழித்து 18 பேர் செத்துப்போனார்கள். மலைத்தெய்வம் கோபித்துவிட்டது என்று ஊர் நம்பியது. 1954இல் அடுத்த குழு வந்தபோது சனம் வழியை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அரசாங்கம் விட்டாலும் ஊர் விடவில்லை, பார்த்தியா! 1956இல்தான் ஜப்பானியர் உச்சிக்குப் போனார்கள். 8,163 மீற்றர். டொலர் கட்டி எடுத்த என் கடுதாசியை அன்றிரவு பையில் இருந்து எடுத்துப் பார்த்தேன். இந்த ஊர்க்காரரின் கையெழுத்து அதில் எங்கும் இல்லை.

வழி நெடுக மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வரும். அவை எப்போதும் எங்கள் வலக்கைப் பக்கம் இருக்க நடக்க வேண்டும். மருமகன் மறுபக்கமாகப் போய்ப் பேச்சு வாங்கினான். நல்லூரில் வீதி சுற்றியவனுக்குச் சொல்லியா தர வேண்டும் என்று நான் கொஞ்சம் எடுப்பாகத்தான் நடந்தேன்.

கணவாய் நாளில் அந்த எடுப்பெல்லாம் போய்விட்டது. விடிய மூன்றரைக்குத் தலைவிளக்கோடு வெளிக்கிட்டோம். சரியான குளிர். அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பத்தடி நடந்தால் நின்று மூச்சு எடுக்க வேண்டும். இவள் கட்டித் தந்த பருத்தித்துறை வடை சமாகாவிலேயே முடிந்துவிட்டது, பொடியன்தான் முக்கால்வாசியும் தின்றான். மிஞ்சியது புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. குளிரில் அது கல்லாகிக் கிடந்தது. கடிக்க முடியாது, வாயில் ஒதுக்கி வைத்து ஊற வேண்டும். ஒரு துண்டு ஊறிப் பதம் வர அரை மணித்தியாலம் ஆனது. துண்டுக் கணக்கில் தூரம் அளந்தேன். ஏழாவது துண்டில் பிரார்த்தனைக் கொடிகள் தெரிந்தன. உச்சியில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, காற்று அப்படி. இறக்கம்தான் முழங்காலைத் தின்றது.

வரும் ஒக்டோபரில் முஸ்டாங் போவோமா என்று கேட்டிருந்தாய். எனக்கு ஆசை இருக்கிறது, டொக்டருக்கு இல்லை. ஆனால் 2014இல் அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்கு வர, வெளிநாட்டுப் பாஸ்போட் என்று கொழும்புக்கு எழுதி அனுமதி கேட்டுக் காத்திருந்தாயே, அன்று வேலியடியில் நின்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: இனி எந்த ஊருக்கும் பெர்மிட் எடுத்துப் போக மாட்டேன் என்று. மனம் மாறிவிட்டதென்றால் சந்தோஷம்.

வருவதென்றால் பங்குனிக்குள் பாஸ்போட் இலக்கத்தை அனுப்பு. கையால் எழுதாதே, தட்டி அனுப்பு. உன் ஒன்றும் ஏழும் வகுப்பிலேயே என்னுடையதைவிட மோசம்.

அன்புடன்,
உன் மச்சான்