ஆள் மாறி வரவு வைத்த கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆள் ஏறாத சின்ன ஸ்டேஷன்களில் வண்டியை நிறுத்துவது வீண் என்று சென்ற இதழில் வந்திருந்த கட்டுரையைக் காலைப் பாசஞ்சரில் படித்தேன். நின்றுகொண்டேதான் படித்தேன். உட்கார இடமில்லை.

ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவில், காவிரியை ஒட்டிப் போகிற ஒற்றைப் பாதையில் எங்கள் ஸ்டேஷன் இருக்கிறது. 1860களில் போட்ட பாதை. ஸ்டேஷன் பெயர் வேண்டாம். எழுதினால் டிக்கெட் கொடுக்கிறவருக்குத்தான் தொந்தரவு. தோட்டத்துச் சாளை வீடுகளையும் சேர்த்தால் ஏழெட்டு ஊருக்கு அதுதான் ஸ்டேஷன். ஒரு காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்க கிராஸிங் லைன் இருந்தது. ஓடுகிற இன்ஜினிலிருந்து டிரைவர் கையை நீட்டி, மேலே போகலாம் என்பதற்கான டோக்கன் கட்டிய பிரம்பு வளையத்தை மாட்டி வாங்குவதை வேடிக்கை பார்க்கவே பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவோம். இப்போது ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத வெறும் ஹால்ட். ஓர் அறை, ஒரு வேப்பமரம், தண்ணீர் வராத ஓர் அடிபம்பு.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதே வண்டி. ரயில்வே நிர்வாகம் எனக்குத் தெரியாது, பேரேடு தெரியும். ஒரு விவசாயி இறக்கிய மூட்டையை இன்னொருவர் பக்கத்தில் வரவு எழுதிவிட்டால், மூட்டை குடோனில் பத்திரமாக இருக்கும். கொண்டுவந்தவர் மட்டும் ஒன்றும் கொண்டுவராதவர் ஆகிவிடுவார். எங்கள் ஸ்டேஷனுக்கு நடந்திருப்பது அதுதான்.

ஸ்டேஷன்களைத் தரம் பிரித்த பழைய ஏ-1 முதல் எஃப் வரையிலான வகைகளை ரயில்வே 2017இல் மாற்றியது. அன்றுமுதல் ஒரு ஸ்டேஷனின் தரத்தை, அதன் வருமானத்தோடு அங்கிருந்து புறப்படுகிற பயணிகளின் எண்ணிக்கையையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். புறப்படுகிறவர் என்றால் அந்த ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தவர். எங்கள் ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் ரயில்வே ஊழியர் அல்ல, கமிஷன் ஏஜென்ட். கைக்காசைக் கட்டிப் பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட்டை வாங்கி வந்து விற்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு எங்கள் ஸ்டேஷன் வருமானம் பூஜ்யம். சீசன் டிக்கெட் அவரிடம் கிடையாது. என் சீசனை மாதாமாதம் ஈரோட்டு ஜன்னலில் வரிசையில் நின்று எடுக்கிறேன். ஏறுவது இங்கே, காசு விழுவது அங்கே. கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை சீசன் இலவசம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தினம் எங்களோடு ஏறுகிற அந்தப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளால் எங்கள் ஸ்டேஷன் வருமானத்தில் காலணா ஏறாது.

கட்டுரையைப் படித்த ஆத்திரத்தில், மறுநாள் தங்கள் இதழின் ஓரத்திலேயே கோடு போட்டு எண்ணினேன். காலை வண்டிக்கு மட்டும் நாற்பத்தி மூன்று பேர். ஏஜென்டிடம் எத்தனை டிக்கெட் போச்சு என்று கேட்டேன்.

“பதினொண்ணுங்க. நான் என்னங்க பண்றது, எங்கிட்ட சீசன் போடற மிசினா இருக்குது?”

அந்தப் பதினொன்றில் ஒன்று, வாழையிலைக் கட்டோடு ஈரோட்டு மார்க்கெட்டுக்குப் போகும் ஓர் ஆத்தாவுடையது. ஈரச் சாக்கில் சுற்றிய கட்டு, அவர் இடுப்பளவு உயரம் இருக்கும். எங்கள் பிளாட்பாரம் தரையோடு தரையாகக் கிடப்பதால் முதல் படியே அவருக்கு இடுப்புக்கு வரும். கட்டை நாங்கள் வாங்கி மேலே போட்டதும், கம்பியைப் பிடித்து, படியில் முழங்காலை ஊன்றித்தான் ஏறுவார். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே, எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். “பஸ்ல எனக்கு டிக்கெட் இல்ல சாமி, எலைக்கட்டுக்கு உண்டு” என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

இன்னொன்றையும் கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாசஞ்சர்களை நிறுத்தினார்கள். திரும்ப விட்டபோது அதே பெட்டிகள், அதே வேகம், ஆனால் எக்ஸ்பிரஸ் கட்டணம். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய் ஆனது. மறுபடி 10 ரூபாய்க்கு வந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் எங்கள் ஊரில் பாதிப் பேர் பைக் வாங்கிவிட்டார்கள், மீதிப் பேர் ஷேர் ஆட்டோவுக்குப் பழகிவிட்டார்கள். கதவைச் சாத்தி வைத்துவிட்டு, கடைக்கு ஆள் வரவில்லை என்று சொல்வதுபோல, அந்தக் காலத்தின் புள்ளிவிவரத்தை வைத்து ஒரு ஸ்டேஷனை எடை போடலாமா?

எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரிலேயே சிலர் அதைக் கேட்டு மனு எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி கூடுதலாக நின்றால், எதிர்வண்டிக்காக எங்கள் பாசஞ்சர்தான் இன்னும் அரைமணி கிராஸிங்கில் கிடக்கும். இருக்கிற இரண்டு வண்டியும் நிற்கட்டும். சீசன் டிக்கெட்டை இங்கேயே கொடுக்க வழி செய்யட்டும். நிறுத்தத்தை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு வாரம் யாராவது நேரில் வந்து, விற்ற டிக்கெட்டை விட்டுவிட்டு, ஏறி இறங்கும் தலைகளை எண்ணட்டும். ஆடிப்பதினெட்டு வாரத்தில் வரச் சொல்லவில்லை. அன்று கொடுமுடிக்குப் போகிற கூட்டத்தை எங்கள் கணக்கில் சேர்த்தால் எங்களுக்கே வெட்கம். செவ்வாய்க்கிழமை ஈரோட்டுக் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை கூடும் சாதாரண வாரம் போதும்.

மாலை வண்டிக்கும் அவசியம் வர வேண்டும். அதில் எங்கள் ஊரிலிருந்து ஏறுகிறவர் யாருமில்லை; அத்தனை பேரும் இறங்குகிறவர்கள். அதனால் எந்தக் கணக்கிலும் அந்த வண்டிக்கு எங்கள் ஊரில் ஆளே கிடையாது. பிளாட்பாரத்தில் ஒரு விளக்குதான் எரிகிறது. வருகிறவர் கையில் டார்ச் கொண்டுவருவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு சீசன் டிக்கெட்காரர்,
ஈரோடு மாவட்டம்