வாஷ்பேசினுக்குப் பின்னால்

அன்புள்ள மீனா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் காலேஜில் சேர்ந்துவிட்டான். கோமதி டீச்சர் இன்னும் உன் புளியோதரையை மறக்கவில்லை, போன வாரம்கூட உன்னைக் கேட்டார்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாஷ்பேசினை நானே கழற்றிவிட்டேன்.

அம்மா வாக்கர் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து பாத்ரூம் போகிற வழியில் அது இடித்துக்கொண்டே இருந்தது. பிளம்பர் "நாளைக்கு வரேன்க்கா" என்றே மூன்று வாரம் ஓட்டினார். சரி என்று மாடி ஏறி டேங்க் வால்வை மூடினேன். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். அடியில் பேசினுக்கு வரும் தண்ணீரை மூடித் திறக்கிற ஆங்கிள் காக், தாம்பரத்து போர் தண்ணீரின் உப்பில் கல்லாக இறுகிப் போய் மூடவே வரவில்லை. முரட்டுத்தனமாகத் திருகினால் சுவருக்குள் இருக்கும் குழாயே உடையும். அதனால் ஒரு ஸ்பேனரால் அதை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் கனெக்‌ஷன் பைப்பின் நட்டை மட்டும் திருகினேன். வந்துவிட்டது! ஆங்கிள் காக்கின் வாயில் தண்ணீர் கசியாமல் டெஃப்ளான் டேப் சுற்றி அரை இஞ்ச் மூடி போட்டேன்.

அப்புறம் பாட்டில் டிராப், அதாவது பேசினின் கழிவுத் தண்ணீர் இறங்குகிற குடுவை. அடியில் வாளியை வைத்துக் கையாலேயே கழற்றினேன். தலைமுடியும் பற்பசையும் கலந்த கறுப்புச் சேறு சொத்தென்று விழுந்தது. அதில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. எடுத்ததும் குப்பென்று வந்தது. சுவர் ஓட்டையில் பழைய துணியைத் திணித்தேன்.

கடைசியில் பேசினைச் சுவரோடு பிடித்திருக்கிற போல்ட். பையன் பேசினைத் தாங்கிப் பிடித்தான். சுவரோரத்து வெள்ளை சிமெண்ட்டைக் கத்தியால் கீறினேன். வலது பக்கத்து நட்டில் ஸ்பேனரை வைத்ததும் போல்ட் அப்படியே கையோடு வந்துவிட்டது மீனா. உள்ளே துரு தின்று, தீக்குச்சி அளவுதான் மிச்சம். இத்தனை நாளும் ஒரே ஒரு போல்ட்டும் அந்த வெள்ளை சிமெண்ட்டும்தான் தாங்கியிருக்கின்றன.

தினமும் காலையில் முகம் கழுவும்போது அம்மா தன் முழு எடையையும் அதன் விளிம்பில்தான் சாய்ப்பாள். பீங்கான் உடைந்தால் கத்தி மாதிரி அறுக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது அந்தச் சுவரில் ஸ்டீல் கைப்பிடி போட்டாகிவிட்டது. அம்மா ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடலடி" என்றாள். முன்னாடி ஆடியதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

உன் மாமியாரும் பேசினைப் பிடித்துக்கொண்டுதானே நிமிர்வார்? இதைப் படித்து முடித்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு போய் அடியில் குனிந்து பார். பார்த்துவிட்டு உடனே எழுது.

உன்,
கல்பனா