சமையற்கூடத்தில் ஒரு குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், சுட்ட இடத்தில் பற்பசை தடவினால் கொப்புளம் வராது என்று ஒரு வரி வந்திருந்தது. 30 ஆண்டுகளாகக் கல்யாணங்களுக்குச் சமைப்பவன் நான். என் முன்கைத் தழும்புகளைக் காட்டி, எது எந்த முகூர்த்தத்தில் பட்டது என்று சொல்ல முடியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன தை மாதம் கும்பகோணம் பக்கம் ஒரு மண்டபத்தில், சாதம் வடிக்கும்போது தவலை சரிந்து, எடுபிடிப் பையனின் இடது காலில் கொதிகஞ்சி கொட்டிவிட்டது. வெந்நீராவது வழிந்து ஓடும். கஞ்சி பசைபோல ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த நிமிடமே ஆளாளுக்கு வைத்தியம். ஒருவர் தோசை மாவோடு ஓடி வந்தார். பெண் வீட்டுப் பெரியவர் பேனாவைத் திறந்து மையை ஊற்றப் போனார். தண்ணீரை எடுத்த பெண்மணியை, "பட்டால் கொப்புளித்துவிடும்" என்று நான்கு பேர் தடுத்தார்கள். நானோ ஒரு பிடி மைதாவை அள்ளி அப்பினேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் செய்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த மைதா அப்பளமாகக் காய்ந்துவிட்டது. நர்ஸம்மா அதை நனைத்து நனைத்துப் பெயர்த்தபோது பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினான். "மாவு போட்டது யார்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். சுட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஓர் உலைச் சோறு வேகும் நேரம் அது. இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு நிறுத்தினால் போதாது. முதலில் விட்டுப்போயிருந்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் காட்டினால் பலன் உண்டு. ஐஸ் கட்டி கூடவே கூடாது, வெந்த சதையை அது இன்னும் கெடுக்கும். கஞ்சியில் நனைந்த கைலியை அவிழ்த்துவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பையன் கணுக்காலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த கறுப்புக் கயிறு, வீக்கத்தில் சதைக்குள் இறங்கியிருந்தது. அதை உடனே அறுத்திருக்க வேண்டுமாம். மோதிரம், வளையல், மெட்டிக்கும் அதே கதிதான். கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த துணியைத் தளர்வாகப் போர்த்தி அழைத்துவர வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு என்றால் சிறிய காயமானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடவும் கூடாது; ஆழமாக வெந்த இடத்தில் நரம்பே செத்திருக்கும்.

எல்லாம் சரி, குழாய் எங்கே? அந்த மண்டபத்தில் மணமேடைக்கு மேலே அலங்கார விளக்கு தொங்குகிறது. சமையற்கூடத்திலோ டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர்தான். குழாய் பந்திக்கூடத்தின் மறுகோடியில், கை கழுவும் இடத்தில் இருக்கிறது. வெந்த காலோடு அவ்வளவு தூரம் யார் நடப்பது? அடுப்பிலிருந்து பத்தடிக்குள் ஒரு குழாய் வைக்கும்படி மண்டபக்காரர்களுக்குத் தங்கள் இதழ் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பற்பசைக் குறிப்பையும், வந்த அதே பக்கத்திலேயே திருத்தி வெளியிடுங்கள்.

பையன் இப்போது நடக்கிறான். ஆனால் வடிக்கிற வேலைக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறான், நானும் வற்புறுத்துவதில்லை. கரண்டி மூட்டையோடு இருபதடி ரப்பர் குழாய் ஒன்றையும் இப்போது வேனில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணச் சமையல்காரர்,
கும்பகோணம்