பாம்பறைக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடி வட்டாரத்து ஊராருக்கு வணக்கம்.

வீடுகளிலும் தோப்புகளிலும் பிடிபடும் நச்சுப்பாம்புகளை வனத்துறையினர் வந்து வாங்கிப் போகும்வரை வைத்திருக்கும் அறை ஒருவழியாக ஒழுங்காகிவிட்டது. ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு நாள், அவ்வளவுதான் ஒரு பாம்பு இங்கே தங்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். எனவே இது தங்கல்தான், வளர்ப்பு அல்ல. அந்த ஓர் இரவு யாருக்கும் ஒன்றும் ஆகாமல் கழிவதற்கு எத்தனை பேர் கைவேலை தேவைப்பட்டது என்பதை ஊர் அறியட்டும்.

முதலில் ஆசாரி அண்ணன். கடையில் செய்து வாங்கிய பழைய பெட்டிகள் ஐப்பசி மழையில் ஊதி, மூடி ஒரு பக்கம் எழும்பிவிட்டது. சுண்டுவிரல் நுழையும் இடைவெளிதான். ஆனால் சுருட்டை விரியனுக்கு அது வாசல். கண்ணாடி விரியன் முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு. சினைப்பாம்பு ஒன்று பெட்டியில் ஈன்றால் இருபது, முப்பது குட்டிகள். பிறந்த நிமிடத்திலிருந்தே அத்தனைக்கும் நஞ்சு உண்டு. அண்ணன் 12 மி.மீ. நீர்தாங்கும் பிளைவுட்டில் இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் செய்து, விளிம்புகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தார். அடித்த கையோடு தரவில்லை. வாடை அடங்கும்வரை இரண்டு வாரம் திறந்தே காயப்போட்டார். மூடிய பெட்டிக்குள் வார்னிஷ் நெடி பாம்பின் நுரையீரலைக் கெடுக்கும்.

காற்றுத் துளைகள் 3 மி.மீ. அவற்றை உள்ளிருந்து வெளியே துளைத்திருக்கிறார். துளைகருவி வெளியேறும் பக்கம்தான் மரம் பிசிறடிக்கும். அது உள்ளே இருந்தால், இரவெல்லாம் வழி தேடி உரசும் பாம்பு மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கைப்பிடியைத் துளை இல்லாத பக்கத்தில் வைத்தார். விரியனின் நச்சுப்பல் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், துளை வழியே கையில் படலாம். மூடி ஒளி புகும் அக்ரிலிக், இரண்டு கொண்டி, இரண்டு பூட்டு. பாம்பு எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை. ஆள் ஒருவர் மட்டும் இருந்தாலும் திறப்பதில்லை.

அவர் செய்ததில் பெரிய வேலை ஒரு சின்னப் பெட்டி. உள்ளே வைக்கும் ஒளிவுப் பெட்டி. வாசலுக்கு மேலே ஒரு தட்டிக் கதவு, அதை வெளியிலிருந்தே கம்பியால் இறக்கலாம். பயந்த பாம்பு இருட்டுக்குள் தானாகப் போய்விடும். உள்ளே முழுதும் போய்விட்டதைப் பார்த்துவிட்டு, வால் சிக்காமல் கதவை இறக்கிப் பூட்டினால், பெரிய பெட்டியைத் துடைத்துத் தண்ணீர் மாற்றலாம். பாம்பைப் பிடிக்கும் கவைக்கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. நச்சுப்பாம்பைப் பேணுவதில் கெட்டிக்காரத்தனம் என்பது பாம்பைத் தொடாமல் வேலையை முடிப்பதுதான். கையில் தூக்கிப் படம் எடுப்பவர்களைப் பற்றி வேறு இடத்தில் பேசலாம்.

பழைய வீடு பிரித்தபோது கிடைத்த தேக்குப் பலகையைத் தந்த ஆச்சிக்கு நன்றி. அதில்தான் பெட்டி அடுக்கும் தட்டு அடித்திருக்கிறது, இடுப்பு உயரத்தில். முகத்துக்கு நேராகத் திறக்கும் பெட்டி ஆபத்து.

கொத்தனாரோடு ஒரு வாக்குவாதம் நடந்தது, சொல்லிவிடுவோம். ஆத்தங்குடிக் கல் பதித்துத் தருகிறேன் என்றார். பூவும் கொடியுமான அந்தத் தரையில் கண்ணாடி விரியன் படுத்தால் அதன் வட்டங்கள் எங்கே, கல்லின் பூ எங்கே என்று தெரியாது. வெறும் சிமென்ட் தரை போதும் என்றோம். மனசில்லாமல்தான் பூசினார். ஆனால் சுவரும் தரையும் சேரும் மூலையை வளைத்து இழைத்து, கழிவுநீர்த் துளைக்கு வலை வைத்து, கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டியது அவர் யோசனை. பெட்டியிலிருந்து தப்பினாலும் அறையிலிருந்து தப்ப முடியாது.

பைகள் தைத்துத் தந்த தையல்கார அக்காவுக்குப் பணம் கொடுத்தும் வாங்கவில்லை. அடர்ந்த வெள்ளைப் பருத்தி, 18 அங்குல அகலம், 36 அங்குல ஆழம், தையல் இரட்டை மடிப்பு. உள்ளே ஒரு நூல்கூடத் தொங்கக்கூடாது. பல்லில் மாட்டினால் பாம்பு இழுத்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். வெள்ளை எதற்கு என்றால் உண்ணியும் இரத்தக் கறையும் உடனே தெரியும். துணி வழியாகவும் கடி விழும் என்பதால் கட்டிய பையை மூடியுள்ள வாளிக்குள்தான் எடுத்துப் போகிறோம். பாம்பின் பெயர், பிடித்த இடம், நேரம் எழுதிய அட்டை ஒவ்வொரு முடிச்சிலும் இருக்கும். அந்த இடம் தெரிந்தால்தான் வனத்துறையினர் அதன் பக்கத்திலேயே விட முடியும்.

சித்திரை, வைகாசிக்கு மானாமதுரைப் பானைகள். தந்த குயவர் குடும்பத்துக்கு எங்கள் கும்பிடு. பாம்பைப் பானையில் வைக்கும் முறை எங்களுடையது அல்ல. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்புகளைப் பானையில்தான் வைக்கிறது: அடியில் மணல், வாயில் இறுகக் கட்டிய பருத்தித் துணி. மூன்று வாரம் வைத்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு அந்தக் கைகளிலிருந்துதான் வருகிறது. இங்கே வெளியில் 40 டிகிரி அடித்தாலும், ஈரச்சாக்கு சுற்றி நிழலில் வைத்த பானை 30-ஐ ஒட்டி நிற்கிறது. வெயிலில் விட்ட பிளாஸ்டிக் டப்பா சில நிமிடங்களில் பாம்பைக் கொன்றுவிடும். பானைக்கு ஒன்றுதான். கட்டுவிரியனும் நல்ல பாம்பும் மற்றப் பாம்புகளைத் தின்னும்.

பேப்பர் கடைத் தம்பி வாரம் ஒரு கட்டுப் பழைய நாளிதழ் தருகிறார். விரிப்பு அதுதான், நான்கு மடிப்பு. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்தில் கிடந்தால் அடிச்செதிலில் கொப்புளம் கிளம்பும். தண்ணீர் கவிழாத மண்சட்டியில். இரை கொடுப்பதில்லை, தின்றதை அடுத்த நாள் வண்டிக் குலுக்கலில் கக்கிவிடும். யாரோ அன்போடு கொண்டுவந்த பாலுக்கும் நன்றி, அதை நாங்களே காபி போட்டுக் குடித்தோம். பினாயில் பாட்டில்களைத் திருப்பி அனுப்பியதற்குக் கோபிக்க வேண்டாம். பினாயில் பாம்புக்கு விஷம். லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, காலிப் பெட்டியைக் கழுவி, வாடை போகக் காயவைப்பதே போதும்.

அரசு மருத்துவர்கள் இருவர் வந்து எங்கள் சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதித் தந்தார்கள். நஞ்சுமுறி மருந்து 10 மில்லி குப்பி, தொடக்கமே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில்தான். பிளாஸ்டிக்கிலோ சோப்பு எச்சம் உள்ளதிலோ நல்ல இரத்தமும் உறையாமல் ஏமாற்றும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. விடியலில் வயிற்றுவலி, இமை சரிவு என்றால் காத்திருக்க வேண்டாம். கத்தி, கயிறு, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது.

நடுராத்திரி தொலைபேசிக்கும் அலுக்காமல் வரும் வனக்காவலர்களுக்கு நன்றி.

கடைசியாக, எங்களை அழைத்த வீட்டுக்காரர்களுக்கு. இரண்டாம் கட்டில் விறகடுக்குக்குள் பாம்பு போனதும் பத்தடி தள்ளி ஒருவர் நின்று, அது போன இடத்திலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டீர்களே, எங்கள் வேலையில் பாதி அதுதான். மண்ணெண்ணெய் ஊற்றாமல், குச்சியால் கிளறாமல், பிள்ளைகளையும் நாயையும் முகப்புக்கு அனுப்பிவிட்டு விளக்கைப் போட்டு நின்ற ஆச்சிமார்களே, அடுத்த முறையும் அப்படியே நில்லுங்கள். வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
பாம்பு மீட்புக் குழுவினர்