திருப்பணிக்கு டீசல் வெல்டிங் ஜெனரேட்டர் எடுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மியன்மாரில் உள்ள தமிழ்க் கோயில்களின் தர்மகர்த்தாக்களுக்கும் திருப்பணிக் குழுவினருக்கும் வணக்கம்.

மழை விட்டதும் யாங்கோன், பாகோ, மௌலமைன் எங்கும் கோயில் வேலைகள் தொடங்கிவிடும். அன்னதானக் கூடத்துக்கு இரும்புக் கூரை, பிராகாரத்துக்குக் கேட்டு, தேர்க் கொட்டகை என்று வரிசையாக வரும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டால் கரண்ட் வரும்வரை காத்திருக்க முடியாது. வெல்டிங்குக்கும் சாக்கெட்டுக்கும் கரண்ட் தரும் டீசல் வெல்டிங் ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்கு வந்து இறங்கும். ஓட்டுவது வெல்டர்தான். ஆனால் அது எந்த இடத்தில் நிற்பது, டீசல் யாரிடம் வாங்குவது, சாயங்காலம் அதிலிருந்தே விளக்கு எரிப்பதா, தூறலிலும் வேலை நடக்குமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் நீங்கள். ஆபத்து அந்த முடிவுகளோடுதான் உள்ளே வருகிறது. அதனால்தான் இந்த மடலை வெல்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் இடம். சத்தம் பூஜைக்கு இடைஞ்சல் என்று மெஷினை மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் தள்ளுவதும், மழைக்கு ஒதுக்கமாகத் தகரம் அடைத்த கொட்டகைக்குள் விடுவதும் வழக்கமாகிவிட்டது. தயவு செய்து இதை நிறுத்துங்கள். பெட்ரோல் எஞ்ஜினைவிட டீசல் எஞ்ஜின் கார்பன் மோனாக்சைடு குறைவாக விடும் என்பது உண்மை. அடைத்த இடத்தில் அந்தக் குறைவே ஆளைக் கொல்லப் போதும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்றுதான் தொடங்கும். விரத நாளில் பசி மயக்கம் என்று நினைத்து அந்த ஆளை நிழலில், அதே கொட்டகைக்குள் படுக்க வைத்துவிடுவார்கள். பக்கத்தில் எஞ்ஜின் ஓடும்போது யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள், எஞ்ஜினை நிறுத்துங்கள், டாக்டரிடம் எஞ்ஜின் புகையைச் சொல்லுங்கள். டீசல் புகையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியிருக்கிறது.

மெஷின் திறந்த வெளியில், சமதளத்தில், கதவு ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சைலன்சர் வாய் காற்றுப் போகும் திசையைப் பார்க்கட்டும். நாலு பக்கமும் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் ரேடியேட்டர் தள்ளும் சூட்டுக் காற்று திரும்ப உள்ளேயே போய், மதியத்துக்குள் எஞ்ஜின் கொதித்துவிடும். சரிவில் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்புக்கு எட்டாமல் போகும். மழைக்கு மேலே கூரை போடலாம், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். ஓடும் மெஷின் மேல் தார்ப்பாய் போர்த்தவே கூடாது.

அடுத்தது, நாங்கள் மிகவும் அஞ்சுவது: ஜெனரேட்டர் கரண்டைக் கோயில் வயரிங்குக்குள் விடுவது. இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒரு வயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகினால் மண்டபம் முழுக்க விளக்கு எரியும், அது நிஜம். மெயின் சுவிட்சை அணைக்க ஒருவர் மறந்தால், அதே கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போய்த் தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறும். 230 வோல்ட்டாக உள்ளே போனது அந்தப் பக்கம் பல ஆயிரம் வோல்ட்டாக நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன் ஊழியர் அதைத் தொடுவார். அந்தச் சமயத்தில் லைனில் கரண்ட் திரும்பி வந்தால் மெஷினில் கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் எரிந்து போகும். கோயிலுக்கு ஜெனரேட்டர் கரண்ட் வேண்டுமென்றால் லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சேஞ்சோவர் சுவிட்சை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். அது இல்லாத இடத்தில் மெஷினின் சாக்கெட்டிலிருந்து தனி வயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு பிரேக்கர் வழியாக விளக்கை மட்டும் எரியுங்கள். அந்த பிரேக்கர் சில மெஷினில் பெயருக்குத்தான் இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் கையேட்டில் சொன்னபடி இணையாவிட்டால் கசிவை அது கண்டுகொள்ளாது. டெஸ்ட் பட்டன் வேலை செய்வதை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், எர்த் கம்பி இறக்கியிருக்கிறதா, இணைப்பு சரியா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜப்பானிலிருந்து பழையதாக வந்த மெஷின் என்றால் சாக்கெட்டைத் தொடும் முன் பெயர்ப் பலகையைப் படியுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். வேகத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இரண்டு காந்த முனை உள்ள ஆல்டர்னேட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்றும், 60 ஹெர்ட்ஸுக்கு 3600 சுற்றும் ஓடும். விளக்கு மங்குகிறது என்று எஞ்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்ட யாரையும் விடாதீர்கள். தடித்த வெல்டிங் ராடில் வேலை நடக்கும்போது சாக்கெட்டுக்கு மிஞ்சும் சக்தி குறையும், வோல்ட்டேஜ் ஆடும். மைக்செட்டை அந்த நேரத்தில் அதில் மாட்டாதீர்கள்.

எர்த் கிளாம்ப் என்று எல்லோரும் சொல்லும், கரண்ட் மெஷினுக்குத் திரும்ப வழியாகும் ரிட்டர்ன் கிளாம்ப் கோயிலில் தனிக் கவனம் கேட்கிறது. பற்றவைக்கும் இரும்பிலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில், பற்றும் இடத்துக்குப் பக்கத்தில் அது கடிக்க வேண்டும். கேபிள் எட்டவில்லை என்று தூரத்துக் கேட்டிலோ தூணிலோ மாட்டினால் கரண்ட் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். மணி தொங்கும் சங்கிலி, பளு தூக்கும் செயின் பிளாக், விளக்கு வயரின் பச்சை எர்த் கம்பி, மோட்டார் பேரிங் என்று எது கிடைத்தாலும் அதன் வழியாகப் போகும். 150 ஆம்பியர் தாங்கும்படி செய்தவை அல்ல அவை. சங்கிலி வளையத்தில் சிறிய தீப்புள்ளி விழுந்து எஃகு பலமிழக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

கேபிள் தடிப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். 3.2 மி.மீ. ராடுக்கு ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும், 4 மி.மீ. ராடுக்கு 130 முதல் 180. போக 30 மீட்டர், வர 30 மீட்டர் என்றால் 35 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 150 ஆம்பியருக்கு நாலரை வோல்ட் போல இழப்பு. 16 சதுர மி.மீ. கேபிளில் அது பத்து வோல்ட்டை நெருங்கும். ராடு முனையில் எரியும் ஆர்க் சோர்ந்து போகும், வெல்டர் ஆம்பியரைக் கூட்டுவார், கேபிளின் ரப்பர் இளகும். சுருட்டிப் போட்ட கேபிள் இன்னும் சீக்கிரம் சூடேறும், முழுக்க அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள்.

ராடு படாமல் சும்மா இருக்கும்போது அதைப் பிடிக்கும் ஹோல்டரில் 70 முதல் 90 வோல்ட் நிற்பது சகஜம். வியர்த்த உடம்புக்கும் நனைந்த கையுறைக்கும் அது போதும். மழைத் தூறலில் வேலையை நிறுத்தும் உரிமை வெல்டருக்கு உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சும்மா இருக்கும் வோல்ட்டேஜைத் தானாகக் குறைக்கும் கருவி உள்ள மெஷின் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அதை எடுங்கள். மூங்கில் சாரம், கீற்றுப் பந்தல், திரைச்சீலை ஆகியவை தீப்பொறியிலிருந்து 11 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நகர்த்த முடியாததைத் தீத்தடுப்புத் துணியால் மூடி, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒரு ஆளைத் தண்ணீரோடும் தீயணைப்பானோடும் நிறுத்துங்கள். தீப்பிடித்த மெஷினில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதற்குப் பவுடர் தீயணைப்பான்.

டீசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, எஞ்ஜின் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். பீப்பாய் மழையில் நிமிர்ந்து நின்றால் மேல் தட்டில் தேங்கும் தண்ணீர் மூடிவழி இறங்கும். வந்ததும் ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் நாலு விரல்கடையை விட்டுவிட்டு, மேலே இருப்பதை மட்டும் சல்லடைப் புனல் வழியாக ஊற்றச் சொல்லுங்கள். டேங்கைச் சாயங்காலமே, எஞ்ஜின் ஆறிய பிறகு நிரப்புங்கள். பாதி டேங்காக விட்டால் இரவுக் குளிரில் உள்சுவரில் நீர் கோக்கும். விளிம்புவரை நிரப்ப வேண்டாம், சூட்டில் டீசல் விரியும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் நீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் அடியில் குமிழாக உருளுவது தெரியும். அது நிற்கும்வரை வடிக்க வேண்டும். டேங்க் காலியாகி எஞ்ஜின் நின்றுவிட்டால் குழாயில் காற்று ஏறிவிடும். பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பைக் குமிழ் அடங்கும்வரை அடித்து, பிறகு மூட வேண்டும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பக்கம் கசிவைத் தேட விரல் வைக்கவே கூடாது, அட்டையால்தான் பார்க்க வேண்டும். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக் குத்துப்போல் இருந்தாலும் அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படும். காலி டீசல் பீப்பாயை வெட்டி அடுப்பு செய்ய வெல்டரைக் கேட்காதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

தினசரிப் பார்வைக்கு அரை மணி நேரத்தைக் கூலியில் சேர்த்துக் கொடுங்கள். ஆயில் அளவு, ரேடியேட்டர் நீர், பெல்ட், ஏர் பில்டர், பாட்டரி முனை, கேபிள் தோல். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. எஞ்ஜின் ஆயில் பொதுவாக 15டபிள்யூ-40. புது எஞ்ஜினுக்கு 50 மணி நேரத்தில் முதல் மாற்றம், பிறகு 200 முதல் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை, கையேடு வேறு சொன்னால் அதன்படி. கிரைண்டர் பொறி ஏர் பில்டர் தாளைப் பொத்தல் போடும், இரும்புத் தூசு ஆல்டர்னேட்டருக்குள் போய்ப் படியும். அதனால் கிரைண்டிங் இடம் மெஷினுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டி, நிறுத்தும்போதும் அப்படியே ஆறவிட வேண்டும்.

ஒரு சின்ன விளக்குக்காக இரவு முழுதும் பெரிய எஞ்ஜினை ஓட்டுவது சிக்கனம் அல்ல. முப்பது சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் தொடர்ந்து ஓடினால் டீசல் முழுதாக எரியாமல் சைலன்சரில் கறுப்பு எண்ணெயாக ஒழுகும், சிலிண்டர் சுவர் பளபளத்து ஆயில் குடிக்கத் தொடங்கும். அதற்குச் சிறிய ஜெனரேட்டரைத் தனியாக எடுங்கள். புகையையும் கவனியுங்கள். கறுப்பு என்றால் அடைத்த ஏர் பில்டர் அல்லது அதிகச் சுமை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடேறிய பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டர் அல்லது உள்ளே தண்ணீர்.

இனி வாடகை பேசும்போது எஞ்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரின் எண்ணும் கடைசியாக ஆயில் மாற்றிய தேதியும் எழுதிய தாளைக் கேளுங்கள், இல்லாத மெஷினைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் குழுவில் ஒருவர் பெயரை மெஷினுக்குப் பொறுப்பாளராக எழுதி வையுங்கள். நிறுத்து என்று வெல்டர் சொன்னால் அவர் சொல்லே கடைசிச் சொல் என்று அதில் இருக்கட்டும். தினசரிப் பார்வை அட்டையைப் பர்மிய மொழியில் எழுதி மெஷினிலேயே கட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் ஓட்டுகிற பையன்கள் பலருக்கு வாசிக்க வராது.

இப்படிக்கு,
மியன்மாரில் வெல்டிங் வேலையும் டீசல் எஞ்ஜின் வேலையும் செய்யும் தமிழர்கள்