அச்சகப் பெயர் இல்லாத சுவரொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் துண்டறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை. முகநூலில் காசு கட்டி ஓட்டப்படும் விளம்பரத்துக்கு யார் பொறுப்பு?

கடந்த தேர்தலின்போது ஒரே பக்கத்திலிருந்து எனக்கு ஓய்வூதியம் பற்றிய காணொளி வந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு வேலையின்மை பற்றி வந்தது. ஒரே வீடு, ஒரே கூடம். சுவரில் ஒட்டியதென்றால் எதிர்க்கட்சிக்காரரும் படித்துப் பதில் சொல்வார். ஆளுக்கொன்றாகக் காதில் ஓதினால்? கீழே ‘பணம் செலுத்தியவர்’ என்று ஒரு பெயர் இருந்தது. கட்சியின் பெயர் அல்ல. ஏதோ நகைச்சுவைப் பக்கத்தின் பெயர். சிரிப்புதான் வரவில்லை.

செலவுக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டு வேட்பாளருக்கு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். சமூக ஊடகச் செலவையும் அதில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. முகம் தெரியாத ‘ஆதரவாளர்’ கட்டும் பணம் யார் கணக்கில் ஏறுகிறது?

வேட்பாளரின் செலவைக் கணக்கிட டீக்கும் பிரியாணிக்கும் நாற்காலிக்கும் விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கும் தேர்தல் அதிகாரிகளுக்கு இது பெரிய வேலையில்லை. முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகம், அதாவது விளம்பரங்களையும் பணம் கட்டியவர் பெயரையும் காட்டும் இணையப் பட்டியல், யாருக்கும் திறந்தே இருக்கிறது. அதிலுள்ள பெயர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாவட்டத்துக்கு ஒரு எழுத்தர் போதும்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்